யோகம் பயில்வோம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பேசுமாறு எங்களை அழைத்த செயற்குழுவினர், தலைப்பைத் தந்தபோதே ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். “யோகத்தைப் பற்றிப் பேசுங்கள், தம்பிமாரே. ஆனால், கேட்டவர்கள் நாளைக் காலையில் எழுந்து ஏதாவது செய்யக்கூடியதாகப் பேசுங்கள்” என்றார்கள். பெரிய தத்துவங்களை விரித்துரைக்க எங்களுக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. ஆகவே அந்த நிபந்தனை எங்களுக்கு ஆறுதலாகவே இருந்தது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாங்கள் மிஷன் பாடசாலையில் படித்தவர்கள். நேரந் தவறாமையையும், பிறருக்குப் பணி செய்யும் வழக்கத்தையும், மேடையில் நின்று நாலு வார்த்தை பேசும் துணிவையும் அங்கேதான் பெற்றோம். அந்த நன்றியை ஒருநாளும் மறவோம். ஆனால் யோகம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் மனக்கண்ணில் தோன்றியவர்கள் இருவரே. ஒருவர் ஆணிப் பலகையின்மேல் படுத்திருக்கும் சடைமுடிச் சாமியார். மற்றவர் நிலாவெளிக் கடற்கரையில் சூரிய உதயத்தின்போது உடம்பை வளைத்து நிற்கும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி. இந்த இருவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணியிருந்தோம்.

எங்களில் ஒருவன் பதினைந்து வயதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேளாமல், வீட்டுச் சுவரோரம் சிரசாசனம் செய்யப் போனான். கால்கள் மேலே போயின. உடம்பு பக்கவாட்டிலே சரிந்தது. ஒரு கிழமை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எண்ணெய் பூசி விட்ட அவனது அம்மம்மா, “தலைகீழா நிண்டா உலகம் நேராகிடுமோ தம்பி?” என்று கேட்டாராம். அன்று நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். இன்று யோசித்துப் பார்க்கையில், யோகத்தைப் பற்றி எங்கள் காதில் விழுந்த முதல் நல்ல உபதேசம் அதுதான் என்று தோன்றுகிறது.

யோகம் என்பது வித்தை காட்டுவதன்று. பதஞ்சலி முனிவரின் யோகசூத்திரம் ஏறத்தாழ 196 சூத்திரங்கள் கொண்ட சிறிய நூல். அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவன மூன்றே மூன்று. அவையும், இருக்கை அசைவின்றியும் இன்பமாகவும் அமையவேண்டும் என்ற கருத்தையே தொடக்கமாகக் கொள்கின்றன. மற்றவை எல்லாம் எதைப் பற்றியவை? மனத்தைப் பற்றியவை, ஒழுக்கத்தைப் பற்றியவை. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று உறுப்புகள் எட்டு. பிறரைத் துன்புறுத்தாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியன முதலில் வருகின்றன. உடம்பை வளைப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. அயலவனிடம் பொய் பேசிவிட்டு வந்து பத்மாசனத்தில் அமர்பவன் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தவன் ஆவான். குதிப்பவனுக்குக் கால் சுளுக்கும் அன்றோ!

இது வடமொழிக்காரரின் சொத்து என்றும் எவரும் ஒதுக்கிவிடற்க. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்துக்கே உரியது. இந்த எட்டு உறுப்புகளையும் திருமூலர் அங்கே தமிழில் வைத்திருக்கிறார். திருமுறையைப் பூசித்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கும் நாம், அந்த மூன்றாம் தந்திரத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தோமா?

இனி, நம் ஊருக்கு வருவோம். எங்களைத் தலைகுனியச் செய்த செய்தி ஒன்று இங்கேதான் இருக்கிறது.

பாய்க்குப் பேர்போன பத்தமடை திருநெல்வேலிச் சீமையில் உள்ளது. அவ்வூரில் 1887ஆம் ஆண்டு பிறந்த ஒருவர் மலாயாவிலே வைத்தியராகப் பத்தாண்டுகள் பணிபுரிந்து, பின்னர் யாவற்றையும் துறந்து ரிஷிகேசம் சென்றார். அவரே சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். 1950இல் இந்தியாவையும் இலங்கையையும் சுற்றி வந்தார். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள செட்டிபாளையத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அவரை நாடிச் சென்று, 1949இல் சந்நியாசம் பெற்று, சச்சிதானந்தர் ஆனார். குருவின் ஆச்சிரமத்தில் ஹடயோகமும் ராஜயோகமும் கற்பித்தார். 1953இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். அவர் வந்து தங்கிப் பணிபுரிந்த முதல் ஊர் எது தெரியுமா? இதே திருக்கோணமலை!

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். துறைமுகம் அப்போதும் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது; 1957இல்தான் அது இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவாமிமலையின் உச்சியிலே இன்று நாம் காணும் கோணேசர் ஆலயமும் அன்று எழும்பவில்லை; அதன் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. போர்க்கப்பல்கள் நிறைந்த அந்தத் துறைமுக ஊருக்குத்தான் யோகம் கற்றவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பின்னர் அவர் கண்டிக்குச் சென்று தபோவனம் அமைத்தார்; 1966இல் அமெரிக்கா சென்றார். 1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி நியூயோர்க் மாநிலத்து வூட்ஸ்டொக் இசைவிழா தொடங்கியது. நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் திரண்ட விழா அது. வீதிகள் அடைபட்டுக் கிடந்தமையால் ஹெலிகொப்டரில் கொண்டுவரப்பட்டு, அந்த முதல் நாளிலே மேடையில் அமர்ந்து பேசியவர் நம் ஊரிலே பணிபுரிந்த அதே சச்சிதானந்தர்தான்.

நாலு இலட்சம் அந்நிய இளைஞருக்கு அது எட்டியது. உட்துறைமுக வீதியில் சைக்கிள் ஓட்டித் திரிந்த எங்களுக்கு எட்டவில்லை. கடற்கரை விடுதிகளில் யோகம் கற்பிக்கும் அறிவித்தலைப் பார்த்து, “இது வெளிநாட்டாரின் நாகரிகம்” என்று கேலி பேசினோம். நம் வீட்டு முற்றத்திலிருந்து போன விதை அயலவன் தோட்டத்தில் காய்த்ததைக் கண்டு, அது அவனுடைய மரம் என்று எண்ணியது எங்கள் அறியாமை.

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். “எல்லாம் எங்கள் முன்னோர் கண்டதே” என்று மார்தட்டுவதால் ஒருவருடைய முதுகுவலியும் தீராது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐச் சர்வதேச யோக தினமாகப் பிரகடனஞ் செய்தது. 177 நாடுகள் அத்தீர்மானத்துக்குத் துணைநின்றன. 2015 முதல் உலகமெங்கும் அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் ஒருநாள். மற்ற 364 நாட்களும் பாய் சுருட்டியபடியே கிடந்தால் பயன் யாது?

பெரியோர்கள் எங்களிடம் கேட்ட ஐயங்கள் சில உண்டு. பிள்ளைகள் யோகம் பழகினால் படிப்பை விட்டுச் சாமியாராகப் போய்விடுவார்களோ என்று ஒரு தாயார் கேட்டார். அம்மா, நாற்பது நிமிடம் பாயில் அமர்ந்தவன் துறவியாகிவிடுவதில்லை. இறுதிப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு கை நடுங்காமல் இருக்க அவன் கற்றுக்கொண்டால் அதுவே பெரிது. பெண்பிள்ளைகளுக்கு இது ஆகுமா என்றார் இன்னொருவர். ஆகும். அவர்களுக்கு வேறு நேரமும், கற்பிக்கப் பெண் ஆசிரியரும் வேண்டும். அதைச் செய்து கொடுப்பது சங்கத்தின் கடமை.

நோய் தீருமா என்பது எல்லோரும் கேட்ட கேள்வி. இதற்கு அளந்தே விடை சொல்லவேண்டும். சச்சிதானந்தரின் மாணாக்கரான டீன் ஓர்னிஷ் என்னும் அமெரிக்க வைத்தியர், 48 இதய நோயாளரை இரு பிரிவாக்கி ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 1990இல் ‘லான்செட்’ என்னும் வைத்திய ஏட்டில் வெளியிட்டார். கொழுப்புக் குறைந்த சைவ உணவு, புகையொழிப்பு, அளவான தேகப்பயிற்சி, யோகத்தை ஒட்டிய மன அமைதிப் பயிற்சி ஆகியவற்றை ஓராண்டு கைக்கொண்டவர்களின் இதய நாடிகளிலிருந்த அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. இவை நாலும் கூடிச் செய்த வேலை அது. யோகம் மட்டும் தனித்துச் செய்த மாயம் என்று சொல்வதற்கில்லை. நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கத்தக்க வழிகளுள் ஒன்றாக யோகத்தையும் 2017இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி சேர்த்தது. இவ்வளவே போதும். இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ குளிகை எடுப்பவர், யோகம் தொடங்கினேன் என்று குளிகையை நிறுத்தலாகாது. வைத்தியரைக் கேளாமல் எதையும் நிறுத்தற்க.

இனி, செயற்குழுவினர் கேட்ட பகுதிக்கு வருகிறோம்.

தேவையானவை மிகச் சில. ஒரு பன்பாய், அதன்மேல் விரிக்க ஒரு துணி, தளர்ந்த ஆடை, வெறும் வயிறு. இராப் புட்டு வயிற்றில் கனத்துக் கிடக்கும்போது குனிந்து நிமிர்வது கூடாது. உணவு உண்டால் மூன்று நாலு மணி நேரம் கழியவேண்டும். ஆகவே காலையே உகந்தது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெயில் ஏறிவிட்டால் நம் ஊரில் உடம்பு சோர்ந்துபோகும். ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் கடற்காற்றும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். தேநீர் பின்னர் ஆகட்டும்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பகுத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நிமிடம் சும்மா அமர்தல். கால் மடித்து அமர முடியாதவர் நாற்காலியில் அமரலாம். அதனால் யோகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அடுத்த ஏழு நிமிடம் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் ஆகிய மூட்டுகளை மெல்ல அசைத்துத் தளர்த்துதல். அதன்பின் பதினைந்து நிமிடம் ஆசனங்கள். முதல் மாதத்துக்கு ஐந்தே போதும்.

ஒன்று, தாடாசனம். நேராக நிற்பது. எளிது என்று நகைக்க வேண்டாம். இரு பாதத்திலும் பாரம் சமமாக இறங்கும்படி நாம் எப்போதாவது நின்றிருக்கிறோமா? இரண்டு, புஜங்காசனம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோளருகே ஊன்றி, நாகம் படம் எடுப்பதுபோல் நெஞ்சை உயர்த்துதல். தொப்புள் நிலத்தில் படிந்திருக்கட்டும். கையால் உந்தாமல் முதுகால் எழவேண்டும். மூன்று, பாதிச் சலபாசனம். குப்புறப் படுத்தபடியே ஒவ்வொரு காலாக உயர்த்துதல். நாலு, பச்சிமோத்தாசனம். கால் நீட்டி அமர்ந்து முன்னே குனிதல். விரலைத் தொட்டே தீருவேன் என்று வீம்பு பிடிக்கலாகாது. முழங்காலைச் சற்று மடித்துக்கொண்டால் இடுப்புக்குக் காவல். ஐந்து, அமர்ந்தபடி முதுகை இருபுறமும் திருப்புதல். ஒவ்வொன்றிலும் மூன்று மூச்சு நேரம் நின்றால் போதும். இழுப்பது தெரியலாம், வலிக்கக் கூடாது. மூச்சு அடைபட்டால் நீங்கள் அளவைக் கடந்துவிட்டீர்கள் என்பது பொருள்.

அதன்பின் ஏழு நிமிடம் சவாசனம். மல்லாந்து, கைகால் தளர்த்திக் கிடத்தல். இளைஞர்கள் இதை விட்டுவிட்டு எழுந்து ஓடப் பார்ப்பார்கள். ஐந்து ஆசனத்தில் ஒன்றைக் குறைத்தாலும் குறையுங்கள், சவாசனத்தைக் குறைக்காதீர்கள். பின்னர் ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. கடைசி மூன்று நிமிடம் மௌனம்.

மூச்சுப் பயிற்சியை இப்போதே செய்து பார்ப்போமா? பெருவிரலின் கீழே மணிக்கட்டில் மற்றக் கையின் இரு விரலை வைத்து நாடியைத் தொடுங்கள். மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். இப்போது அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மீண்டும் ஒருமுறை. உள்ளிழுக்கையில் நாடி சற்று விரைவதும், வெளிவிடுகையில் சற்றுத் தாமதிப்பதும் தெரிகின்றதா? இளைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கிச் செல்லும் ஒரு நரம்பு உண்டு. வைத்தியர்கள் அதை வேகஸ் என்பர். மூச்சை வெளிவிடும் வேளையில் அது இதயத்துக்குக் கடிவாளம் இடுகிறது. இதயத்தை நேராகக் கட்டளையிட்டு அடக்க நம்மால் ஆகாது. மூச்சின் வழியாக அதை அணுகலாம். முன்னோர் மூச்சைப் பிடித்ததன் காரணம் இதிலிருந்தே ஓரளவு விளங்குகிறது.

ஆயினும், பூரகம், கும்பகம், இரேசகம் ஆகியவற்றுக்கு நூல்களில் வரும் 16, 64, 32 என்ற மாத்திரைக் கணக்கைத் தொடங்குவோர் நாடலாகாது. மூச்சை நிறுத்த வேண்டாம். நாலு எண்ணி உள்ளிழுத்து, ஆறு எண்ணி வெளிவிட்டால் போதும்.

மேலும் சில விலக்குகள். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், கழுத்தில் கோளாறு உள்ளவர் தலைகீழாய் நிற்கும் ஆசனங்களைச் செய்யலாகாது. கர்ப்பிணிகளும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே வரவேண்டும். ஆசிரியரைத் தேடும்போது அவர் உடம்பு எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டாம். மாணவன் ‘முடியவில்லை’ என்றதும் அவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். கேளாமல் தொட்டுத் திருத்துபவரும், தம்மைத் தெய்வமாக எண்ணச் சொல்பவரும், ‘நோயெல்லாம் தீர்ப்பேன்’ என்று பணம் கேட்பவரும் நமக்கு வேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின், ஓர் அநுபவத்தைச் சொல்லி முடிக்க விரும்புகிறோம்.

சென்ற விடுமுறையில் சங்க மண்டபத்திலே ஆறு கிழமைகள் ஒரு சிறு பரீட்சார்த்த வகுப்பு நடத்தினோம். பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டதை நம்மூர் இளைஞருக்குக் காட்டுவோம் என்பதே எண்ணம். உள்ளதைச் சொன்னால், ஆண்டு விழா மேடையில் பத்துப்பேர் வரிசையாகச் சிரசாசனம் செய்து கைதட்டல் வாங்கலாம் என்ற ஆசையும் இருந்தது. இரண்டாம் கிழமை ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். பாயில் அமர முடியாது. மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். கண்ணை மூடுங்கள் என்றபோது அவர் மூடவில்லை. வற்புறுத்தப் போனவனைப் பார்த்து, “கண்ணை மூடினா அந்த நாள் எல்லாம் வருகுது தம்பி” என்றார்.

அந்த நாள் என்றால் எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதுமில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரையும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடலையும் கண்டவர்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். நள்ளிரவில் எழுந்து, பூட்டிய கதவின் தாழ்ப்பாளை மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி மறுபக்கம் திரும்பிப் படுத்தவர்கள்.

கண்ணைத் திறந்தபடியே இருங்கள் ஐயா, யன்னலால் தெரியும் வேப்பமரத்தைப் பார்த்தபடி மூச்சை மெதுவாக விடுங்கள் என்றோம். அவர் அதைத்தான் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை. ஆறாம் கிழமை முடிவில், எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டோம். “ராவில மூண்டு தரம் எழும்புறனான். இப்ப ரெண்டு தரம்” என்றார்.

இதை அற்புதம் என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதர் சுமந்த சுமை மூச்சினால் மட்டும் இறங்கிவிடாது; அதற்கு வைத்தியரும் வேண்டும், காது கொடுத்துக் கேட்கும் பிள்ளைகளும் வேண்டும். ஆனால் அன்றே சிரசாசன வரிசையைக் கைவிட்டோம். இவ்வாண்டு விழா நிகழ்ச்சிநிரலில் அது ஏன் இல்லை என்று கேட்ட நண்பர்களுக்கு விடை இதுவே.

ஆகவே, சங்கத்தின் முன் எங்கள் வேண்டுகோள் இது. சனிக்கிழமை தோறும் காலை ஐந்தரை மணிக்கு மண்டபத்தைத் திறந்து தாருங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் வேண்டாம். பாய்கள் போல் நாற்காலிகளும் வேண்டும். முன்வரிசை பின்வரிசை என்ற பேதம் வேண்டாம்; துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு நொந்தவரும், கந்தோரில் குனிந்து எழுதிக் கழுத்து நொந்தவரும் பக்கம் பக்கமாய் அமரட்டும். தொடக்கத்து மூன்று நிமிட மௌனத்தில் அவரவர் தத்தம் தெய்வத்தை நினைக்கட்டும். சச்சிதானந்தர் 1986இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலே எழுப்பிய தாமரை ஆலயம் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒரே கடற்காற்றை வாங்கும் நம் ஊருக்கு இது புதிய பாடமன்று. அயல்வீட்டு முஸ்லிம் சகோதரரோ, எங்களோடு படித்த கிறிஸ்தவ நண்பரோ, சிங்களச் சகோதரரோ வந்தால் அவர்களுக்கும் ஒரு பாய் இருக்கட்டும்.

இளைஞர்களே, நீங்கள் தனியாக வரவேண்டாம். உங்கள் வீட்டில் இரவில் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க. கோணேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.